சைரன் கேட்டால் உள்ளே போகவும்

எங்கள் கடற்கரையில் அணுமின் நிலையம் கிடையாது. இந்த நாட்டிலேயே கிடையாது. எங்களுக்கு வாய்த்த சாதாரண மின்சாரம் மழை இருட்டினால் போய்விடும், காற்றடித்தால் போய்விடும், சில நாட்களில் மழையும் காற்றும் இல்லாமல் சும்மாவும் போய்விடும். அப்படிப்பட்ட ஊருக்கு, அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தால் எப்படித் தப்புவது என்று சொல்லிக்கொடுக்கக் கடல் கடந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன் நான்.

முல்லைத்தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். குடியிருப்பது தண்ணீரூற்றில். வன்னியில் ஆங்கில வாத்தியார் என்றால் படிப்பித்தல் உப தொழில்தான். மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல வேண்டும், கனடா மாமாவுக்குக் கடிதம் எழுத வேண்டும், யாராவது வெளிநாட்டுக்காரர் வாகனத்தால் இறங்கினால் அவருக்குப் பின்னால் நடக்க வேண்டும். கண்ணிவெடி எடுக்க வந்தவர்கள், கழிப்பறை கட்ட வந்தவர்கள், எங்கள் மனங்களை ஆற்ற வந்தவர்கள் என்று எல்லாருக்கும் வாயாக இருந்திருக்கிறேன். மனதை ஆற்ற வந்தவர்களின் மொழிபெயர்ப்புத்தான் கஷ்டம். அணு அதைவிடச் சுலபமாக இருக்கும் என்று நினைத்து ஒத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் கரைக்கு வடக்கே, கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியக் கரையில் அணுமின் நிலையம் இருக்கிறது. அது பாட்டுக்கு நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் உலகத்தில் எந்த நிலையத்துக்கும் ஒரு நாள் ஏதாவது நடக்கலாம், அப்போது வாடைக்காற்று அடித்தால் அது எல்லையைக் கேட்டுக்கொண்டு நிற்காது. ஆகவே நாடுகள் ஒன்று சேர்ந்து அயலவர்களையும் தயார்ப்படுத்த வேண்டும் என்று எங்கோ ஒரு பெரிய மண்டபத்தில் தீர்மானித்திருந்தார்கள். ஒரு நாடு காற்றை அளக்கும் கருவியைக் கொடுத்தது, இன்னொரு நாடு சைரனைக் கொடுத்தது, மூன்றாவது நாடு நிபுணர்களைக் கொடுத்தது. எங்கள் நாடு மதியச் சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்தது. ஒத்துழைப்பு என்றால் அவரவர் இயன்றதைச் செய்வதுதானே.

குழுவுக்குத் தலைவி குளிர்நாட்டு அம்மணி ஒருவர். நல்ல உயரம், நல்ல மனம், அணு உலைக்குள்ளேயே வேலை செய்தவராம். அவரோடு கிழக்கு நாட்டிலிருந்து மெலிந்த மனிதர் ஒருவர் வந்திருந்தார். அங்கே அப்படியொரு அணு விபத்து நடந்தபோது சொந்த ஊரையே விட்டு வெளியேறியவர் என்று பின்னால்தான் தெரிந்தது. அவர் அதிகம் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி பேசினார், பேச வேண்டாததையும் சேர்த்து.

ஒத்திகைப் பயிற்சிக்குத் தெரிவு செய்யப்பட்டது நான் பிறந்த கடற்கரைக் கிராமம். மாதா கோயில், மீன் வாடிகள், பொதுநோக்கு மண்டபம், அவ்வளவுதான். என் அக்கா இப்போதும் அங்கேதான் இருக்கிறா. அத்தானுக்குக் கடைசிச் சண்டையில் எறிகணைத் துண்டு முள்ளந்தண்டில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு ஒன்றும் இல்லை. தோணியும் வலையுமாக வாழ்ந்த மனிதர் அன்று முதல் கட்டிலில் கிடக்கிறார். அக்கா கிழிந்த வலை பொத்தியும் கருவாடு போட்டும் அவரைப் பார்க்கிறா. அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவாவுக்குப் பிடிக்காது. "புருசன்தானே, அயலட்டையோ?" என்பா.

பயிற்சிக்கு முதல் நடந்த செயலமர்வுக்குச் சனம் நிறைய வந்தது. செயலமர்வு எங்களுக்குப் புதிதல்ல. யுத்தம் முடிந்த கையோடு தொடங்கியது, இன்னும் முடியவில்லை. எப்போது தலையாட்ட வேண்டும், எப்போது வட்டமாக இருந்து பெரிய தாளில் படம் கீற வேண்டும், எந்த இடத்தில் "எங்கள் தேவைகள்" என்று எழுத வேண்டும் என்பதெல்லாம் ஊர்ச் சனத்துக்கு மனப்பாடம். ஆகவே அம்மணி எதைச் சொன்னாலும் மண்டபம் முழுதும் "ஓம், ஓம்" என்றது. இவ்வளவு விரைவாக விளங்கிக்கொள்ளும் மக்களை எங்கும் கண்டதில்லை என்று அம்மணி அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி தாமே எங்களைப் பெற்று வளர்த்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

சொல்லித் தந்தது எளிமையானது. சைரன் கேட்டால் ஓடக்கூடாது. எங்கே நின்றாலும் அருகிலுள்ள வீட்டுக்குள் போக வேண்டும். கதவு, யன்னல் எல்லாவற்றையும் பூட்டி, இடுக்கு நீக்கல்களில் ஈரத்துணி அடைத்து, காற்றாடியை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். ஆபத்து நீங்கியதும், செம்மஞ்சள் அங்கி போட்ட தொண்டர்கள் வீடு வீடாக வந்து கதவைத் தட்டிச் சொல்வார்கள். அதுவரை எக்காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது.

முன்வரிசையில் இருந்த மீனவர் ஒருவர் எழும்பினார். "தங்கச்சிக்குச் சொல்லுங்கோ சேர், எங்கட வீட்டில சுவருக்கும் தகரத்துக்கும் இடையில காகம் போய் வரும். அதை எந்தத் துணியால அடைக்கிறது?"

ஒட்டுநாடா பாவிக்கலாம் என்றார் அம்மணி. மீனவர் நன்றி சொல்லித் திரும்பக் கதிரையில் இருந்தார். காகத்துக்கும் ஒட்டுநாடாவுக்கும் இடையில் எங்கேயோ அவர் திருப்தியடைந்துவிட்டார்.

பிறகு அம்மணி, "அசையாமல் இருந்த இடத்தில் இருங்கள், அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு" என்றார். அதை நான் தமிழில் சொன்னேன். அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் ஒருவரும் ஓம் சொல்லவில்லை. எனக்கே சொல்லும்போது நாக்குக் கூசியது. இதே வசனத்தை, இதே தமிழில், ஒலிபெருக்கியிலும் துண்டுப் பிரசுரத்திலும் எங்களுக்குச் சொன்ன சண்டைக் காலம் ஒன்று இருந்தது. பாதுகாப்பு என்று சொல்லப்பட்ட இடங்களில் அசையாமல் இருந்து செத்தவர்களை இங்கே எல்லாருக்கும் தெரியும், பெயர் சொல்லித் தெரியும். குளிர்நாட்டு அம்மணிக்கு அது எப்படித் தெரியும்? அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் கோபம் வந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கேள்வி நேரத்தில் அக்கா எழும்பினா. கூட்டங்களில் கதைக்கிறவா அல்ல. பின்வரிசையில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டா.

"எங்கட அவர் எழும்ப மாட்டார். அவரை வெளியால எடுக்கிறதெண்டா பெட்சீற்றின்ர நாலு மூலையிலயும் நாலு பேர் பிடிக்க வேணும். உள்ளுக்க இருங்கோ எண்டுறியள், சரி, இருக்கிறம். பிறகு ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னா, அந்த நாலு பேரும் ஆர்? ஆர் வருவினம் எண்டு இப்பவே சொன்னா எனக்கு நிம்மதி."

மொழிபெயர்த்தேன். மிக முக்கியமான கேள்வி என்றார் அம்மணி. அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போய், மிக மிக முக்கியமான கேள்வி, குறித்துக்கொள்கிறோம் என்றார். மெலிந்த மனிதர் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். குறித்துக்கொள்கிறோம் என்பதன் அர்த்தம் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அக்காவுக்கும் பழக்கம்தான். ஆனாலும் அவா கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தா, அடுத்த வசனம் வரும் என்பதுபோல. வரவில்லை, கதிரையில் இருந்துவிட்டா.

பயிற்சி ஒரு சனிக்கிழமை காலை. தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் சைரனைக் கட்டியிருந்தார்கள். நிபுணர்களும் அதிகாரியும் நானும் மண்டப வாசலில், குடை பிடித்துக்கொண்டு நின்றோம். அதிகாரியின் கையில் நேரம் பார்க்க ஒரு கருவி. எத்தனை நிமிடத்தில் கிராமம் வீட்டுக்குள் போகிறது என்பதை உலகம் அறியக் காத்திருந்தது.

உலகம் அறியாதது ஒன்று. அக்கா வீட்டுச் சிறு தெருவின், அந்த ஒழுங்கையின், கடைசி வீட்டுக்காரரின் மகளுக்கு ஒட்டுசுட்டானில் புது வீடு கட்டி முடிந்திருந்தது. அந்த வீட்டுக்குச் சாமான் கொண்டுபோக மனிதர் தேர்ந்தெடுத்த நாளும் அதே சனிக்கிழமை. உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் அலுமாரி, மெத்தை, கதிரைகள், குசினிச் சாமான், கூடையில் கோழி எல்லாம் விடியவே ஏற்றியாகிவிட்டது. சைரனுக்கு முதல் வெளிக்கிட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர் திட்டம். கயிறு கட்டப் பிந்திவிட்டது. வாசலைத் தாண்டும்போது சைரன் ஊதத் தொடங்கியது. தெருவில் நின்றால் பிடித்துக்கொண்டுபோய் யார் வீட்டிலாவது பூட்டிவிடுவார்கள் என்று பயந்து மனிதர் வேகத்தைக் கூட்டினார். அலுமாரி ஆடியது. மேலே மனைவி மாதா படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

இந்தக் காட்சியை ஒழுங்கை முழுதும் பார்த்தது.

வெளியாருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வன்னியில் அறிவித்தலைக் கேட்டு ஒருவரும் வெளிக்கிட்டதில்லை. அறிவித்தல் எப்போதும் பிந்தித்தான் வந்தது, அல்லது பிழையாக வந்தது. நாங்கள் பார்த்தது பக்கத்து வீட்டைத்தான். பக்கத்து வீட்டுக்காரன் அலுமாரியை ஏற்றிவிட்டான் என்றால் அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அவனிடம் என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டு நிற்பது நேரத்தை வீணாக்கும் வேலை. அப்படிப் பழகித் தப்பிய சனம் இது. அந்தச் சைரனும் சும்மா சத்தமல்ல. ஏறி இறங்கி ஊதும்போது நானே குடைக்கு வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தேன்.

சைரன் ஊதி முடியமுன் ஊர் வெளிக்கிட்டுவிட்டது. ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. காணி உறுதியும் அடையாள அட்டையும் போட்ட பை முதலில், பிறகு அரிசி, பிறகு பானை, பிறகு பாய். ஆடுகளை அவிழ்த்தார்கள். பிள்ளைகளைச் சைக்கிள் கரியரில் ஏற்றினார்கள். ஒரு மனிதர் கூரையில் நின்று தகரம் கழற்றிக்கொண்டிருந்தார், இரண்டு கழன்றுவிட்டன. சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் காகம் போகிறது என்று கவலைப்பட்டவர் அவர்தான். அந்தக் கவலை இனி இல்லை. இவ்வளவு கட்டுப்பாட்டை என் பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் ஒரு நாளும் கண்டதில்லை.

"இவர்கள் எங்கே போகிறார்கள்?" என்று அம்மணி கேட்டார்.

"இடம்பெயர்கிறார்கள்" என்றேன்.

"யார் சொன்னது?"

உழவு இயந்திரத்தைக் காட்டினேன். அது ஏற்கெனவே வளைவைத் தாண்டிவிட்டது. வேறெப்படி விளங்கப்படுத்துவது? அப்போது செம்மஞ்சள் அங்கி போட்ட தொண்டர்கள் எங்களைக் கடந்து போனார்கள். கதவைத் தட்டி ஆபத்து நீங்கியது என்று சொல்ல வேண்டியவர்கள். ஒருவன் தாயைச் சைக்கிளில் ஏற்றியிருந்தான், மற்றவள் தையல் இயந்திரத்தின் தலையைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கியைக் கழற்ற அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. அதிகாரி நேரக் கருவியை நிறுத்துவதா விடுவதா என்று தெரியாமல் அதையே பார்த்தார். மெலிந்த மனிதர் மெதுவாக, "எங்களால் இவ்வளவு விரைவாகப் போக முடியவில்லை" என்றார். அதை ஒருவரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

வாகனத்தில் ஏறிப் பின்னால் போனோம். அணுமின் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு, ஆட்டு மந்தை ஒன்றுக்குப் பின்னால் ஹோன் அடித்துக்கொண்டு ஊர்ந்தது. தண்ணீரூற்றைத் தாண்டியதும், தேநீர்க் கடை வாசலில் உழவு இயந்திரம் நின்றது. அலுமாரிக் கயிறு தளர்ந்திருந்தது. மனிதர் இறங்கி, சரிந்த சாமானையெல்லாம் திரும்ப அடுக்கி, கயிற்றை இறுக்கிவிட்டுத் திரும்பினால் பின்னால் முழு ஊரும் நிற்கிறது.

"நீங்கள் எல்லாம் எங்க போறியள்?" என்று அவர் கேட்டார்.

"நீர் எங்க போறீர்?" என்று ஊர் கேட்டது.

"மகளின்ர புது வீட்டுக்கு."

ஊர் அலுமாரியைப் பார்த்தது. பிறகு ஒரு பெண் சிரிக்கத் தொடங்கினா, எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. கூரைத் தகரம் கொண்டுவந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே குந்திவிட்டார். சிரித்தவர்களில் சிலர் அழுததையும் கண்டேன், அவர்களும் சிரித்துக்கொண்டுதான் அழுதார்கள். வந்ததுதான் வந்தோம் என்று மரத்துக்குக் கீழே கல் வைத்து அடுப்பு மூட்டிவிட்டார்கள். அம்மணிக்கும் தேநீர் வந்தது.

நான் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இல்லை. இருக்கவும் முடியாது. நாலு பேர் வேண்டும் என்று சொன்னவா எப்படி வருவா? அதிகாரி, ஒரு வீடாவது உள்ளே இருந்திருக்காதா, அறிக்கையில் எதையாவது எழுத வேண்டுமே என்று புலம்பினார். இருக்கிறது, ஒரு வீடு இருக்கிறது, உடனே வாகனத்தைத் திருப்புங்கள் என்று நான் கத்தினேன். உள்ளே இருந்தவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் இங்கே பிஸ்கட் பகிர்ந்துகொண்டு நின்றார்கள்.

உச்சி வெயிலில் வெறும் ஊருக்குள் வாகனம் போனது. சேவல் ஒன்றைத் தவிர ஒழுங்கையில் உயிர் இல்லை. அக்கா வீட்டுக் கதவு, யன்னல் எல்லாம் பூட்டியிருந்தன, நீக்கல்களில் துணி. ஈரமாக அடைத்த துணி காய்ந்து விறைத்திருந்தது. தட்டினேன்.

"ஆர்? அங்கிக்காரரோ?" என்று உள்ளேயிருந்து கேட்டா.

"நான்தான் அக்கா. முடிஞ்சுது. திறவுங்கோ."

திறந்ததும் முகத்தில் வெக்கை அடித்தது. தகரக் கூரைக்குக் கீழே, காற்றாடியை நிறுத்தி, ஒரு நீக்கல் விடாமல் அடைத்த அறை. சுவர் முகட்டில் அவா பழைய சாக்கையெல்லாம் திணித்திருந்தா. அவாவின் சட்டை முழுதும் வியர்வையில் நனைந்திருந்தது. அத்தான் கண்ணை மூடிக் கிடந்தார், உதடு வெடித்திருந்தது. அக்கா அவர் நெஞ்சை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறா, வாளியில் இருந்த தண்ணீரும் சூடாகிவிட்டது.

அத்தான் ஒரு கண்ணைத் திறந்தார். "கதிர்வீச்சு வந்துதோ, இல்லாட்டி அதுக்கு முதல் நாங்களே அவிஞ்சிட்டமோ?" என்றார். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. அவர் பகிடி விட்டதில்தான் எனக்கு உயிர் வந்தது.

அம்மணிக்கு நிலைமை விளங்கவில்லையா, அல்லது விளங்கியும் நல்லதொன்றைச் சொல்ல நினைத்தாரா, தெரியாது. முழுக் கிராமத்திலும் அறிவுறுத்தலை முழுமையாகப் பின்பற்றிய ஒரே குடும்பம் இது, எல்லாரும் வெளிக்கிட்டபோதும் இந்தப் பெண்ணால் மட்டும் எப்படி நம்பிக்கையோடு உள்ளே இருக்க முடிந்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை.

"நம்பிக்கையோ? இவர் நடக்க மாட்டார். அதுதான் இருந்தனாங்கள். இவர் நடக்கிற ஆளெண்டா உழவு மிசினுக்கு முன்னுக்கு நான் போயிருப்பன்."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மணியின் முகம் சிவந்தது. பாவம், அது வெக்கையாகவும் இருக்கலாம்.

"அவரை வெளியால, மரத்துக்குக் கீழ கொண்டுபோக வேணும் தம்பி. பிடி" என்றா அக்கா. நான் பெட்சீற்றின் தலைமாட்டு மூலையொன்றைப் பிடித்தேன், அக்கா மற்றதைப் பிடித்தா. யாரும் சொல்லாமலே மெலிந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால்மாட்டுக்குப் போனார். துணியின் மூலையை இரண்டு தரம் கையில் சுற்றிப் பிடித்தார். அப்படிப் பிடிக்கத் தெரிந்தவர் அதை எங்கேயோ செய்திருக்க வேண்டும். நான்காவது மூலை தொங்கியது. அதிகாரி படம் எடுக்கக் கைபேசியைத் தேடினார். அம்மணி அதிகாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானே குனிந்து பிடித்தார்.

தூக்கினோம். மூன்று நாட்டுக்காரர் ஒரு பெட்சீற்றில் அத்தானைச் சுமந்துகொண்டு வாசல் நிலையில் இடிக்காமல் சரிந்து, படியில் இறங்கி, முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே கிடத்தினோம். அணுமின் நிலையப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒத்துழைப்பில் என் கண்ணால் கண்டது அது ஒன்றுதான். அத்தானுக்குக் கடல் காற்றுப் பட்டது. அக்கா தண்ணீர் பருக்கினா.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தா. மூச்சு வாங்க நின்ற அம்மணியையும் மெலிந்த மனிதரையும் என்னையும், கடைசியில் தன் கைகளையும் ஒருமுறை பார்த்தா.

"இந்த நாலு பேரைத்தான் நான் அண்டைக்கு மண்டபத்தில கேட்டனான்" என்றா.

அதை மொழிபெயர்க்கும்படி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நான் மொழிபெயர்த்தேன்.